ஒரு சாவி இருக்குது

போன மாதம் மரக்காணத்தில் எங்கள் பழைய சப்ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் வந்தது. இப்போது அங்கே பொறியாளராக இருக்கும் கார்த்திகேயன் பேசினார். என் மகன் வயது இருக்கும்.

"ஐயா, கன்ட்ரோல் ரூம் செவுத்துக்கு பெயின்ட் அடிக்கிறோம். அந்த ஆணிப் பலகைய என்ன பண்றதுன்னு தெரியல. இனிமே லைனுக்கு கரன்ட் குடுக்குற பிரேக்கரெல்லாம் விழுப்புரத்துல ஒக்காந்துக்கினே ஆன் பண்ணப் போறாங்க. பலகை வேணும்னு பாதிப் பேரு, வேணாம்னு பாதிப் பேரு நிக்கிறாங்க. வர்ற புதன்கிழமை மெயின்டனன்ஸ் இருக்குது. ஒரு தடவ வந்துட்டுப் போங்களேன்."

ரிட்டையர் ஆனவனிடம் அபிப்பிராயம் கேட்பது எவ்வளவு ஆபத்தான காரியம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. புதன்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய் நின்றேன். வண்டியை நிறுத்தினேன், உள்ளே போய்ப் பலகையைப் பார்த்தேன், வெளியே வந்து புங்கமரத்தடியில் உட்கார்ந்தேன். டீ வந்தது. இளைஞர்கள் சுற்றி உட்கார்ந்து, "இந்தப் பலகை எப்படி சார் வந்துச்சு?" என்று கேட்டார்கள். அவர்கள் லைனுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்ததால் சுருக்கமாகச் சொல்லி முடித்தேன். முழுதாக இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பெருமுக்கல். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு கரன்ட் ஆபீசில் ஒப்பந்த ஆளாகக் குழி தோண்டினேன். அப்புறம் ஹெல்பர், வயர்மேன், லைன் இன்ஸ்பெக்டர். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திட்டு வாங்கினேன், பிறகு திட்டக் கற்றுக்கொண்டேன்.

ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் சொல்ல வேண்டும். கம்பியில் வேலை செய்வதற்காக கரன்ட்டை நிறுத்தி வாங்குவதற்கு லைன் கிளியர் என்று பெயர். வேலை முடிந்ததும் எங்களில் ஒருவர் கீழே நின்று, "எல்லாரும் எறங்கியாச்சா?" என்று குரல் கொடுப்பார். எங்கிருந்தோ "ஆச்சு!" என்று பதில் வரும். உடனே சப்ஸ்டேஷனுக்குச் சொல்லி லைனைச் சார்ஜ் செய்துவிடுவார்கள், அதாவது கரன்ட்டைத் திரும்ப விட்டுவிடுவார்கள். அவ்வளவுதான் நடைமுறை. அப்போது நான் வேலை பார்த்த ஊரில் ஒருநாள் அப்படி ஒரு "ஆச்சு" வந்தபோது, என் கூட்டாளி பச்சையப்பன் கம்பத்தின் மேலேயே இருந்தான். உயிர் பிழைத்தது, வலது கை பிழைக்கவில்லை. அந்த "ஆச்சு" யார் வாயிலிருந்து வந்தது என்று கடைசிவரை தெரியவே இல்லை. விசாரணை நடத்தி, காரணம் பச்சையப்பனுடைய அஜாக்கிரதை என்று முடித்துவிட்டார்கள். நான் அதிகாரியின் மேசையைத் தட்டி, "ஆச்சுன்னு சொன்னது யாரு சார்? அத மொதல்ல கண்டுபுடிங்க!" என்று கத்தினேன். கண்டுபிடிக்கவில்லை. எனக்கு மரக்காணத்துக்கு மாற்றல் போட்டார்கள்.

உப்பளத்து ஓரத்தில் கரன்ட் வேலை பார்ப்பது தனி வேதனை. கம்பியைத் தாங்கும் பீங்கான் மேல் கடல்காற்று உப்பைக் கொண்டுவந்து அப்பிவிடும். விடியற்காலைப் பனி அதன்மேல் இறங்கினால் லைன் பாம்பு மாதிரி சீறும், நீலமாகப் பொறி தெறிக்கும், பிறகு ஊரே இருட்டாகிவிடும். அதனால் லைனை நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீரும் துணியுமாகக் கம்பம் கம்பமாக ஏறி பீங்கான்களைத் துடைப்போம். "பாத்திரம் வெளக்கப் போறோம்" என்று சொல்லிக்கொண்டு கிளம்புவோம். ஒரு பக்கம் துடைத்து முடிப்பதற்குள் அடுத்த பக்கம் வெளுத்திருக்கும்.

எனக்கு மனசு விட்டுப்போயிருந்தது. திண்டிவனத்தில் என் மச்சான் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அவரோடு சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். வீட்டிலும் சொல்லியாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் எங்களுக்குப் பொறியாளராக ஷமீமா மேடம் வந்தார்.

கோட்டக்குப்பத்துப் பெண். முதல் போஸ்டிங். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, முக்காட்டின் மேலேயே ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு யார்டுக்குள் நடந்து வந்தவரைப் பார்த்து, எங்கள் வயர்மேன் ஏழுமலை என் காதில், "அடுத்த புயலுக்குத் தாங்குமா அண்ணே இது?" என்றான். நானும் சிரித்தேன்.

வந்ததும் அவர் எதையும் மாற்றவில்லை. எங்களோடு லைனுக்கு வந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பாத்திரம் விளக்கி முடித்ததும் நான் வழக்கம்போல் குரல் கொடுத்தேன். வழக்கம்போல் "ஆச்சு!" வந்தது. போனை எடுத்தேன்.

"ஒரு நிமிஷம் அண்ணா. இப்ப ஆச்சுன்னு சொன்னது யாரு?" என்றார் மேடம்.

அன்று மேசையைத் தட்டி நான் கேட்ட அதே கேள்வி. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் இல்லை, நான் இல்லை என்றார்கள். உண்மையிலேயே யாரும் இல்லை போலிருந்தது. பழக்கத்தில் வாய்கள் ஏதோ சொல்லியிருக்கின்றன.

அடுத்த வாரம் கன்ட்ரோல் ரூம் சுவரில் ஒரு பலகை வந்தது. வரிசையாக ஆணி, ஒவ்வொரு ஆணிக்குக் கீழும் ஒருவர் பெயர். லைனுக்குப் போகுமுன் அவரவர் பைக் சாவியை அவரவர் கையால் மாட்ட வேண்டும். திரும்பி வந்து அவரவர் கையாலேயே எடுக்க வேண்டும். அடுத்தவன் சாவியை யாரும் தொடக்கூடாது. பலகை காலியானால்தான் லைன் சார்ஜ் ஆகும்.

"ஏன் மேடம், டோக்கன் மாதிரி எதனா குடுத்துடலாமே?" என்று கேட்டேன்.

"டோக்கன பாக்கெட்லயே வச்சுக்கினு வீட்டுக்குப் போயிடுவீங்க. வண்டி சாவி இல்லாம எப்படிண்ணா போவீங்க?"

எங்கள் ஆட்கள் இதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். பஸ்ஸில் வரும் ஏழுமலைக்குச் சாவி கிடையாது. அவன் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து மாட்டினான். "இதவுட்டுட்டு நான் எங்கயும் போக மாட்டேன் மேடம்" என்றான். அவர் கொஞ்சமும் சிரிக்காமல், "கரெக்ட்டு. ஆணிய மட்டும் பெருசா அடிச்சுக்குங்க" என்றார். எங்களோடு லைனுக்கு வரும் நாளெல்லாம் அவருடைய ஸ்கூட்டர் சாவியும் கடைசி ஆணியில் தொங்கும்.

அவர் வேலை வாங்கும் விதத்தை நான் அதுவரை எங்கும் பார்த்ததில்லை. கரன்ட் போனால் ஜனங்கள் போன் போட்டுக் கண்டபடி திட்டுவார்கள். அந்தப் போனை அவரே எடுப்பார். தப்பு செய்தவனை எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். யார்டு ஓரத்தில் கூடவே நடந்துகொண்டு மெதுவாகப் பேசுவார். திரும்பி வருபவனைப் பார்த்தால் திட்டு வாங்கினானா, பாராட்டு வாங்கினானா என்று கண்டுபிடிக்க முடியாது. நான் ஆட்களைத் திட்டும்போது குறுக்கே வரவும் மாட்டார். முடிந்தபிறகு, "இப்ப அவருக்கு என்னா புரிஞ்சிருக்கும்னு நெனைக்கிறீங்கண்ணா?" என்று மட்டும் கேட்பார். யோசித்துப் பார்த்தால், நான் கோபமாக இருக்கிறேன் என்பதைத் தவிர அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. இப்படித்தான் எனக்கு அவர் மேற்பார்வை கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுக்கிறார் என்பதே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

ஒருநாள் கேட்டார்: "இந்த வேலையில ஒங்களுக்கு எது புடிக்கும்ணா?"

"வீட்டுக்குப் போறதுதான் மேடம்" என்றேன், வேண்டுமென்றே.

"அது எனக்கும்தான் புடிக்கும். வேற?"

சர்வீசில் சேர்ந்ததிலிருந்து யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. "எங்க பால்ட்டுன்னு தேடிக் கண்டுபுடிக்கிறது" என்றேன். மறுநாளிலிருந்து லைனில் பால்ட், அதாவது பழுது எங்கே என்று தேடும் பொறுப்பு என்னுடையது. கம்பத்தைக் காதால் கேட்டுக்கொண்டே உப்பளத்து வரப்பில் நடப்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. ஆனாலும் மச்சான் கடைக்குப் போகும் முடிவு அப்படியே இருந்தது.

பிறகு புயல் வந்தது. கழுவெளி ஏரியும் உப்பளமும் ஒரே தண்ணீர்க்காடாகி, கம்பங்கள் பாதிக்கு மேல் சாய்ந்து கிடந்தன. நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. இடுப்பளவு தண்ணீரில் கம்பம் தூக்கி நிறுத்தினோம். கடலோரக் குப்பத்தில் தண்ணீர் டேங்க் மோட்டார் ஓடவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை. அங்கே போகும் லைனில் வேலை முடிந்த அன்று மத்தியானம், சப்ஸ்டேஷன் கேட்டுக்கு வெளியே குப்பத்துப் பெண்கள் காலிக் குடங்களோடு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆண்கள். சாலை மறியலுக்குத் தயாராகத்தான் வந்திருந்தார்கள்.

ஆட்கள் இரண்டு டிராக்டரில் வந்து சேர்ந்தார்கள். சேறும் உப்புமாக உள்ளே போய் அவரவர் சாவியை எடுத்தார்கள். ஏழுமலை தூக்கை எடுத்தான். கடைசியில் ஒரே ஒரு சாவி மிஞ்சியது. அதன் வளையத்தில் சிவப்பு பிளாஸ்டிக் மீன் தொங்கியது. தேசிங்கு சாவி.

தேசிங்கு எங்கள் வயர்மேன். கழுவெளி ஓரத்துக் கடைசிக் கம்பத்தில் அவன் தனியாக இருந்தான். முதல் டிராக்டரில் வந்திருப்பான் என்று இரண்டாவது டிராக்டர்காரன் நினைத்திருக்கிறான். இரண்டாவதில் வருவான் என்று முதல் டிராக்டர்காரன். போன் அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். ஊரில் கரன்ட்டே இல்லாதபோது யார் போனில்தான் சார்ஜ் இருக்கும்? அவன் இன்னும் கம்பத்தின் மேலேயே இருக்கலாம். சேற்றில் விழுந்து கிடக்கலாம். சொல்ல ஆள் இல்லை.

அந்த நேரம் மேலதிகாரி ஒருவர் போனில் வந்தார். மேடம் ஸ்பீக்கரில் போட்டார். நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"வேல முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே, ஏன் இன்னும் சார்ஜ் பண்ணல?"

"சார், ஒரு சாவி இருக்குது."

"என்னா சாவி?"

"ஒரு ஆள் இன்னும் வரல சார்."

"அவன் எங்கனா குடிச்சிட்டுக் கெடப்பான்."

"இருக்கலாம் சார். சாவி இருக்குது."

"கலெக்டர் ஆபீஸ்லேருந்து என்னக் கேக்குறாங்க. ரோட்டுல ஜனம் ஒக்காந்துட்டா நீயா பதில் சொல்லுவ? ஒம்மேல ஆக்ஷன் எடுக்க வேண்டியிருக்கும்."

"எடுங்க சார். ஆள் வந்ததும் மொத வேலையா சார்ஜ் பண்றேன்."

வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட முழுதாக முடியாத பெண், வேலை நிரந்தரமாகும் கன்ஃபர்மேஷன் பாக்கி. போனை வைத்துவிட்டு நேராகக் கேட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன், கல் எதுவும் விழுந்தால் அவருக்குக் குறுக்கே நிற்கலாம் என்று.

குடத்தை இடுப்பில் வைத்திருந்த ஒரு அம்மாதான் முதலில் பேசினார். "ஏம்மா, நாலஞ்சு நாளா கொழந்தைங்க உப்புத் தண்ணி குடிக்குதுங்க. வேலதான் முடிஞ்சிச்சே, ஒரு சுவிட்ச்சு போடறதுக்கு என்னாம்மா ஒங்களுக்கு?"

"வேலைக்குப் போன ஆள் ஒருத்தர் இன்னும் திரும்பி வரலம்மா. கம்பத்து மேல இருக்காரா, கீழ இருக்காரான்னு தெரியல. அவர் வர்ற வரைக்கும் என்னால போட முடியாது."

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. அந்த அம்மா மட்டும் மேடத்தையே பார்த்தார். பிறகு பின்பக்கம் திரும்பி, "டேய், கத்தாதீங்கடா!" என்று ஒரு அதட்டல் போட்டார். "போன படகு ஒண்ணு வரலன்னா நம்ம மட்டும் கரைய வுட்டு எழுந்து போறமா?" என்று சொல்லிவிட்டுக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். குப்பத்துப் பையன்கள் நாலைந்து பேர், "எந்தக் கம்பம்ணா? காட்டுங்க" என்று என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள்.

கடைசிக் கம்பத்தில் ஆள் இல்லை. கீழே தண்ணீர். அந்தப் பையன்கள் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கித் துழாவினார்கள். நான் வரப்பில் நின்றேன். எனக்குப் பச்சையப்பன் ஞாபகம்தான். ஒன்றும் கிடைக்கவில்லை என்று அவர்கள் ஏறி வந்தபோது, நிம்மதியாக இருந்ததா, பயமாக இருந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நாங்கள் திரும்பி வருகிறோம், சப்ஸ்டேஷன் கேட்டுக்குள் தேசிங்கு ஓடுகிறான். மூச்சு வாங்குகிறது. வேலை முடித்து இறங்கிய நேரத்தில், அவன் அம்மா வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டதாக யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். சொன்னவனுடைய வண்டியிலேயே இவனும் ஏறிப் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும்போதுதான் நினைவு வந்திருக்கிறது. "சாவி மாட்டிட்டு வந்துட்டேனே, லைன் நின்னுக்கினு இருக்குமேன்னு அம்மாவ அப்படியே வுட்டுட்டு ஓடியாறேன்ணே" என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அறைந்திருப்பேன். "அறிவு இருக்காடா ஒனக்கு? ஊரே தண்ணியில்லாம ஒக்காந்துக்கினு இருக்குது!" என்று பாய்ந்தேன். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். "அம்மாவுக்கு எப்படி இருக்குது?" என்று முதலில் கேட்டார். பரவாயில்லை என்றான். "போய் சாவிய எடுங்க" என்றார். சிவப்பு மீன் ஆணியைவிட்டு இறங்கியது. லைன் சார்ஜ் ஆனது. கேட்டுக்கு வெளியே பெண்கள் ஓவென்று கூவியது இன்னும் காதில் இருக்கிறது.

கூட்டம் கலைந்தபிறகு நான் பொறுக்க முடியாமல் சொன்னேன். "கடைசில சும்மாதான் மேடம் காத்திருந்தோம். இதுக்குப் போயி நீங்க ஆக்ஷன் வாங்கணுமா?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சும்மாதான் காத்திருந்தோம். நல்லதாப் போச்சு. ஒவ்வொரு தடவையும் இப்படிச் சும்மாவே காத்திருந்தோம்னு ஆகணும்ணா. வேற என்னா வேணும்?"

மெமோ வந்தது. பதில் போனது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. தேசிங்குவை யார்டு ஓரமாக நடத்திக் கூட்டிப்போய் ரொம்ப நேரம் பேசினார். அதன்பிறகு அவன் ஒருநாளும் சொல்லாமல் நகர்ந்ததில்லை.

நான் மச்சான் கடைக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று வீட்டில் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும். அவ்வளவு வருட சர்வீசில் எனக்காக யாரும் காத்திருந்ததில்லை. கம்பத்தில் ஏறும்போதெல்லாம், கீழே எவன் "ஆச்சு" சொல்லிவிடுவானோ என்று ஒரு காது அங்கேயே இருக்கும். நான் இறங்கி வந்து என் கையால் சாவி எடுக்கும்வரை, கலெக்டரே கேட்டாலும் ஒருத்தர் காத்திருப்பார் என்ற நம்பிக்கையோடு ஏறுவது வேறு வேலை. சம்பளம் அதேதான், உப்பும் அதேதான். எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. மேடம் பிரமோஷனில் போனபிறகும் பலகை இருந்தது. எத்தனையோ பொறியாளர்கள் வந்துபோனார்கள். ஒருவரும் அதில் கை வைக்கவில்லை. நானும் அங்கேயே ரிட்டையர் ஆனேன்.

இதைத்தான் புங்கமரத்தடியில் சொன்னேன். இளைஞர்கள் லைனுக்குப் போனார்கள். நான் சாப்பிட்டுவிட்டு அங்கேயே ஒரு தூக்கம் போட்டேன். எழுந்தபோது ஆட்கள் திரும்பியிருந்தார்கள். கன்ட்ரோல் ரூம் ஜன்னல் வழியாக விழுப்புரத்திலிருந்து பேசும் குரல் ஸ்பீக்கரில் கேட்டது. "வேல முடிஞ்சுதா? சார்ஜ் குடுக்கலாமா?"

டியூட்டியில் இருந்த ஆபரேட்டர் ரேவதி என்ற பெண். "ஒரு சாவி இருக்குது சார்" என்றாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"என்ன சாவிம்மா?" என்றது குரல். இந்தப் பக்கமே வராத ஆள் போலிருக்கிறது. ரேவதி பலகையைப் பற்றி இரண்டு வார்த்தையில் சொன்னாள். அந்தக் குரல் சொன்னது: "சரி. எடுத்ததும் சொல்லுங்க, லைன்லயே இருக்கேன்."

எழுந்து, "யாருப்பா அது பொறுப்பில்லாம? காலையிலதான் படிச்சுப் படிச்சு சொன்னேன்! தலைய எண்ணு கார்த்திகேயன், கடைசியா யாரு எந்தக் கம்பத்துல இருந்தா?" என்று கத்திக்கொண்டே உள்ளே நடந்தேன். எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். ஒருத்தன்கூடக் குறையவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"டிவிஎஸ் சாவிங்க ஐயா. புள்ளையார் டாலர் போட்டது" என்றாள் ரேவதி.

என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பை காலி. காலையில் உள்ளே வந்து பலகையைப் பார்த்தபோது, எனக்கே தெரியாமல் கை பழக்கத்தில் சாவியை ஆணியில் மாட்டியிருக்கிறது.

"என் சாவின்னு தெரியுதில்ல? எடுத்துக் குடுத்துட்டுப் போட வேண்டியதுதானே?"

"எப்படிங்க ஐயா? நீங்கதானே வந்து எடுக்கணும்" என்றார் கார்த்திகேயன். அவர் சிரிக்கவில்லை.

போய் எடுத்தேன். ஆணிகள் மட்டும் மிஞ்சின. கண் கலங்கியதை மறைக்கக் கண்ணாடியைத் துடைத்தேன். ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

"ஆள் வந்துட்டாரு சார். போர்டு காலி" என்றாள் ரேவதி.

"எங்கம்மா இருந்தாரு? எதனா பிரச்சனையா?"

"ஒண்ணுமில்ல சார். மரத்தடியில தூங்கிக்கினு இருந்தாரு. சும்மாதான் காத்திருந்தோம்."

"நல்லதாப் போச்சு" என்றது அந்தக் குரல். யார்டில் பிரேக்கர் ஆன் ஆகும் சத்தம் கேட்டது.